உள்ளே ஏற வேண்டாம், வாசல் வரை வந்தால் போதும்

கேள்வி: அக்கா, நான் தூத்துக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. அக்டோபர் கடைசியில் நானும் மகனும் அங்கே போகிறோம். அப்போது அவனுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும், எட்டரை கிலோ இருப்பான். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு இண்டிகோவில் ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் தனி டிக்கெட். துணைக்கு யாரும் இல்லை. விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்று விளம்பரம் செய்யும் ஸ்ட்ரோலர் ஒன்றை நாத்தனார் வாங்கச் சொல்கிறார். விலை நாற்பதாயிரத்துக்கு மேல். அம்மாவோ, “நாங்கள் எல்லாம் வண்டி வைத்தா வளர்த்தோம், இடுப்பில் தூக்கிக்கொண்டு போ” என்கிறார். கடையில் ஒன்பதாயிரத்துக்கு இன்னொன்று பார்த்தேன். எதை வாங்குவது?

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி, நாத்தனார் சொல்வதில் கால்வாசி சரி. மீதியை நாம் பார்ப்போம்.

செக்-இன் கவுன்டரிலும் போர்டிங் கேட்டிலும் நின்றே காலம் போனவள் நான். கைக்குழந்தையோடு தனியாக வரும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் திணறுவது வண்டி பெரிதாக இருப்பதால் அல்ல. ஒரு கையில் குழந்தை இருக்கும்போது மறு கையால் அதை மடக்க முடியாததால்தான். நீளம் அகலம் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். எல்லா விளம்பரமும் ‘மேலே வைக்கலாம்’ என்பதையே பெரிய எழுத்தில் போடுகிறது. உங்கள் பயணத்தில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் அந்த ‘கேபின் அப்ரூவ்டு’ சமாசாரம். பெட்டியின் மேல் ‘ஐயாட்டா’ என்று போட்டிருப்பார்கள். ஐயாட்டா என்பது விமான நிறுவனங்களின் உலகச் சங்கம். கைப்பைக்கு 56 x 45 x 25 செ.மீ. என்று ஒரு பொது அளவை அது சொல்லி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஸ்ட்ரோலரையும் சோதித்து முத்திரை குத்துவது அதன் வேலை இல்லை. தங்கள் வண்டி அந்த அளவுக்குள் மடங்குகிறது என்று தயாரிப்பாளர்கள் தாங்களே போட்டுக்கொள்வது அது. ஆனால் விமானத்தில் உங்களை ஏற்றப்போவது ஐயாட்டா இல்லை. இண்டிகோவின் கைப்பை அளவு 55 x 35 x 25 செ.மீ., ஏழு கிலோ. லுஃப்தான்சாவுக்கு 55 x 40 x 23 செ.மீ., எட்டு கிலோ.

இப்போது இந்த வகையிலேயே பேர் வாங்கிய யோயோ வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பேபிசென் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது, இப்போது நார்வேயின் ஸ்டோக்கே கையில் இருக்கிறது. நாத்தனார் சொல்வது இதுவாகவோ இதைப் போன்ற ஒன்றாகவோதான் இருக்கும். மடக்கினால் 52 x 44 x 18 செ.மீ. நல்ல வண்டி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த 44-ஐப் பாருங்கள். இண்டிகோவின் 35-ஐயும் லுஃப்தான்சாவின் 40-ஐயும் அது தாண்டுகிறது. அன்றைக்கு விமானத்தில் இடம் இருந்து, பணியில் இருப்பவருக்கு மனமும் இருந்தால் உள்ளே விடுவார். இல்லையென்றால் வாசலில் வாங்கி வைத்துவிடுவார். நீங்கள் சண்டை போட முடியாது, அளவு அவர் பக்கம் இருக்கிறது. அந்த முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் உள்ளே ஏறுவதற்கு என்று நினைத்தால், அது உறுதியில்லாத ஒன்றுக்குக் கொடுக்கும் பணம்.

உண்மையாகவே எல்லா அளவுக்குள்ளும் அடங்கும் வண்டிகள் உண்டு. சைபெக்ஸ் லிபெல் மடக்கினால் 32 x 20 x 48 செ.மீ., எடை சுமார் ஆறு கிலோ. ஜிபி பாக்கிட் இன்னும் சின்னது: 35 x 30 x 18 செ.மீ., 4.3 கிலோ. உலகிலேயே சிறிதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று 2014-இல் கின்னஸில் இடம் பிடித்தது. இரண்டும் குட்பேபி என்ற ஒரே குழுமத்தின் பிள்ளைகள்தான். மேலறையில், அதாவது இருக்கைகளுக்கு மேலே இருக்கும் சாமான் அறையில், வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் இந்த மாதிரியைப் பாருங்கள். ஆனால் பாக்கிட்டின் முதல் மாடலில் சாய்மானம் கிடையாது. குழந்தை நேராக உட்கார்ந்தபடி இருக்க வேண்டியதுதான். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவது. அந்த நேரத்தில் கேட்டில் காத்திருக்கும் எட்டு மாதக் குழந்தையின் தலை ஒரு பக்கமாகத் தொங்கும். அதை நேராக்கி நேராக்கியே உங்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ஓரளவுக்காவது சாயும் இருக்கை உங்களுக்கு வேண்டும்.

சரி, வண்டி உள்ளே ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். எட்டு மாதக் குழந்தைக்கு நீங்கள் கட்டாயம் பாசினெட், அதாவது விமானத் தொட்டில் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், டிக்கெட் போட்ட உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கையில் கொஞ்சம்தான் இருக்கும், கடைசி நேரத்தில் கிடைக்காது. எடை, உயர வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் குழந்தையின் எடையையும் உயரத்தையும் சொல்லியே கேளுங்கள். இந்தத் தொட்டிலை மாட்டுவது தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் முதல் வரிசையில். அந்த வரிசையில் உங்கள் முன்னால் இருக்கை கிடையாது. அதனால் ‘முன் இருக்கைக்கு அடியில்’ என்று ஒரு இடமும் கிடையாது. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் டயப்பர் பை, கைப்பை, போர்வை எல்லாமே மேலறைக்குப் போக வேண்டும். உங்கள் தலைக்கு மேலிருக்கும் அந்த ஒரு அறையில் பாதியை மடக்கிய ஸ்ட்ரோலர் அடைத்துக்கொண்டால், டயப்பர் பை நாலு வரிசை தள்ளிப் போய்விடும். நடு வானில் குழந்தை நனைந்திருக்கும்போது அதைத் தேடிப் போவது யார்?

எடைக் கணக்கும் உண்டு. உள்ளே வரும் வண்டியை உங்கள் ஒரே கைப்பையாகவே சிலர் கணக்கில் எடுப்பார்கள். நம் நாட்டு விமானப் பாதுகாப்பு விதிகள் ஒரு பயணிக்கு ஒரு கைப்பை என்கின்றன. அதற்கு மேல் பெண்களின் சின்னக் கைப்பை, பயணத்தின்போது குழந்தைக்குக் கொடுக்கும் உணவு, குழந்தையைத் தூக்கிச் செல்லும் கூடை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் ஸ்ட்ரோலர் இல்லை. வாசலில் ஒப்படைத்தால் இந்தக் கேள்வியே எழாது. கைக்குழந்தைக்கு ஒரு மடக்கு வண்டியை லுஃப்தான்சா கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்கிறது, மற்ற பெரும்பாலான நிறுவனங்களும் அப்படித்தான். இலவசமாக ஏற்றும் ஒன்றை எதற்காக உங்கள் கைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும்?

ஆகவே வண்டி விமானத்தின் வாசல் வரை வரட்டும், அங்கே ஒப்படைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அப்படி முடிவு செய்ததுமே தேர்வு எளிதாகிவிடும். ஐந்து செ.மீ. கூடுதலோ குறைச்சலோ இனிப் பொருட்டில்லை. கவனிக்க வேண்டியவை வேறு.

முதலாவது, மடக்குவது. உங்கள் பாதையில் எங்கெல்லாம் மடக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் பாதுகாப்புச் சோதனை. அப்புறம் விமானத்தின் அருகே. சென்னை பன்னாட்டு முனையத்தில் மறுபடியும் சோதனை. அங்கே ஏரோபிரிட்ஜாக (முனையத்திலிருந்து விமானக் கதவு வரை போகும் மூடிய நடைபாலம்) இருந்தால் விமானக் கதவருகே, இல்லையென்றால் பஸ்ஸில் ஏறும்போதே. ஒவ்வொரு இடத்திலும் குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். சோதனை இடத்தில் வண்டியில் எதுவும் இருக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் பையைக் காலி செய்து, மடக்கி எக்ஸ்-ரே பெல்ட்டில் வைக்கச் சொல்வார்கள். பெல்ட்டுக்குள் நுழையாத வண்டியைக் கையால் சோதிப்பார்கள், அதற்கு நேரம் ஆகும். பெண்களுக்குத் திரை போட்ட தனி அறையில் சோதனை, குழந்தையோடுதான் உள்ளே போவீர்கள். வெளியே வந்து பெல்ட்டின் மறு முனையில் வண்டியை எடுத்து, மறுபடி விரித்து, பையை அடுக்க வேண்டும். இரண்டு கை, ஒரு கால், கொஞ்சம் கெட்ட வார்த்தை என்று மூன்றும் தேவைப்படும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்தவையும் அதில் உண்டு.

கடைக்குப் போகும்போது மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பனையாளர் செய்து காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், அவருக்கு அதுதான் தொழில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு கையால் மடக்குங்கள், விரியுங்கள். குனியாமல் முடிகிறதா? மடக்கினால் தானாகப் பூட்டிக்கொள்கிறதா, கீழே சாயாமல் நிற்கிறதா, தோளில் மாட்ட வார் இருக்கிறதா? இந்த நான்கிலும் தேறிவிட்டால் ஒன்பதாயிரம் ரூபாய் வண்டி நாற்பதாயிரம் ரூபாய் வண்டியைவிட உங்களுக்கு மேல். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் இதையே செய்து பாருங்கள். ஆர் ஃபார் ராபிட், லவ்லேப் போன்ற நம் ஊர்ப் பெயர்களில் இப்படிச் சின்னதாக மடங்கும் மாடல்கள் கிடைக்கின்றன. மாடலுக்கு மாடல் மடக்கும் விதம் மாறும் என்பதால் பெயரை நம்பி வாங்காமல் கையை நம்பி வாங்குங்கள்.

எடை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும். குழந்தை எட்டரை, டயப்பர் பை நாலு, வண்டி ஏழு என்றாலே இருபது கிலோவை நெருங்குகிறது. பஸ்ஸில் ஏறும்போது அத்தனையும் உங்கள் மேல்தான் இருக்கும்.

பெல்ட் ஐந்து முனையாக இருக்க வேண்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவே. இடுப்புக்கு மட்டும் பட்டை போட்ட மலிவு வண்டிகளைத் தொடவே வேண்டாம். எட்டு மாதப் பிள்ளை முன்னால் வழுகி இறங்கிவிடும், அல்லது எழுந்து நிற்கப் பார்க்கும். கீல்களையும் பாருங்கள். மடக்கும் இடத்தில் குழந்தையின் விரல் நுழையும் சந்து இருந்தால் அது மூடப்பட்டிருக்க வேண்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்கள்தான் காரணம். வண்டியை விரித்துப் பூட்டும் வரை பிள்ளையின் கை அதன் பக்கம் வரக் கூடாது என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மெக்லாரன் பேர் வந்ததால் ஒரு விஷயம். எடை குறைந்த குடை மடக்கு வண்டி பிறந்ததே விமானப் பொறியாளர் ஒருவரின் கையில். ஓவன் மெக்லாரன் என்ற அந்த ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போர்க் கால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் ‘பிராம்’ என்ற கனமான குழந்தை வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் குடை போல மடங்கும் வண்டியை உருவாக்கி 1965-இல் காப்புரிமைக்குப் பதிந்தார். அந்தக் குடை வகை வண்டிகள் இன்றும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. மடக்கினால் நீளமாக இருப்பதால் மேலறைக்குப் போகாது, ஆனால் வாசலில் ஒப்படைப்பதற்கு ஏற்றது. பல மாடல்களுக்குச் சாய்மானம் குறைவு, மடக்க இரண்டு கை வேண்டும் என்பதால்தான் உங்களுக்கு நான் முதலில் அதைச் சொல்லவில்லை. கணவரும் கூட வருகிற பயணம் என்றால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. எடை குறைந்த வண்டிகளின் கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். எல்லோரும் மாட்டுகிறார்கள், எனக்குத் தெரியும். குழந்தை உட்கார்ந்திருக்கும் வரை வண்டி நிற்கும், தூக்கிய மறு விநாடி பின்னால் மல்லாக்கச் சாயும். குழந்தை பின்னால் சாய்ந்து உதைத்தால் சில நேரம் குழந்தையோடே சாயும். பையை முதுகில் போடுங்கள், முதுகுப்பையாகவே வாங்குங்கள். எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றாதீர்கள், லிஃப்ட் எங்கே என்று கேளுங்கள். ஏரோபிரிட்ஜ் தரை கதவை நோக்கிச் சரிவாக இருக்கும். அங்கே வரிசை நிற்கும்போது பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் கைபேசியை எடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி என்றேன். வாசலில் ஒப்படைத்த வண்டி அடுத்து எங்கே திரும்பக் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சில நிலையங்களில் விமானக் கதவிலேயே கொண்டுவந்து நிறுத்துவார்கள். சில இடங்களில் பெட்டிகளோடு பெல்ட்டில் வரும், அல்லது பெரிய சாமான்கள் தனியாக வரும் மூலையில் வரும். ஒரே நிறுவனம், ஒரே நிலையம் என்றாலும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. ஃபிராங்க்ஃபர்ட் பெரிய நிலையம். கதவிலிருந்து குடியேற்றச் சோதனை வழியாக பெட்டி எடுக்கும் இடம் வரை நல்ல நடை. பத்து மணி நேரம் பறந்து இறங்கிய பிறகு, அவ்வளவு தூரமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க நேரலாம். அதனால் மார்பில் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் ஒன்று வாங்குங்கள். இடுப்புப் பட்டை உள்ளதாக, எடை தோளில் மட்டும் விழாததாக. அம்மாவின் இடுப்புக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், உங்கள் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். என்னைக் கேட்டால் ஸ்ட்ரோலரா கேரியரா, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேரியரைத்தான் சொல்வேன். எட்டரை கிலோவை மணிக்கணக்கில் சுமக்க முடியாது என்பதால்தான் ஸ்ட்ரோலர் கூட வருகிறது. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் குழந்தையைக் கேரியருக்குள் வைக்க விடமாட்டார்கள். பணிப்பெண் தரும் லூப் பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு கோர்த்து மடியில் உட்கார வைக்க வேண்டும்.

தூத்துக்குடி–சென்னைப் பயணத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பாதையில் பெரும்பாலும் ஏடிஆர் வகைச் சின்ன விமானம்தான் ஓடுகிறது. மேலறை சின்னது. கொஞ்சம் பெரிய கைப்பெட்டிகளையே வாசலில் வாங்கிவிடுவார்கள், ஸ்ட்ரோலர் உள்ளே போகும் என்று எண்ணவே வேண்டாம். பயணிகள் ஏறுவது வால் பக்கக் கதவு வழியாக, தரையிலிருந்து. வண்டியை அங்கேயே ஊழியரிடம் கொடுத்துவிடலாம். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் சென்னையில் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். டிராலியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரோலரை மறு கையால் தள்ள முடியாது, முயற்சி செய்யாதீர்கள். அங்கே பிள்ளை கேரியரில், மடக்கிய வண்டி டிராலியின் மேல். உள்நாட்டில் பெட்டி எடைவரம்பு குறைவு என்பதையும் மறக்க வேண்டாம், சென்னை வரைக்கும் கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டினால் கவுன்டரில் கட்டுவதைவிடக் குறையும். இரண்டு விமானத்துக்கும் நடுவே நேரம் தாராளமாக இருக்கட்டும்.

செக்-இன் கவுன்டரிலேயே ‘வண்டியை விமானக் கதவு வரை கொண்டுபோகிறேன், இறங்கும்போது கதவிலேயே வேண்டும்’ என்று சொல்லி டேக் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சில் அது ‘டெலிவரி அட் ஏர்கிராஃப்ட்’ டேக். கேட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கூட்ட நேரத்தில் சாதாரண டேக்கை மாட்டி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். கிழித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒப்படைக்கும் முன் கப் ஹோல்டர், முன் கம்பி, பொம்மை என்று கழற்றக்கூடிய எதையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பெரும்பாலும் தொலைவதும் உடைவதும் இவைதான். மடக்கிய வண்டி விரியாதபடி ஒரு பட்டையால் கட்டி, உறையில் போட்டு, உள்ளே உங்கள் பெயரும் கணவரின் ஜெர்மன் எண்ணும் எழுதிய சீட்டை வையுங்கள். கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிளிப் ஃபேன் இருக்கிறதே, இப்போதெல்லாம் எல்லா வண்டியிலும் பார்க்கிறேன். சார்ஜ் போடும் அந்த மின்விசிறிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. வண்டி கீழே சாமான் அறைக்குப் போகும்போது அதையும் பவர் பேங்க்கையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், விசிறியைத் தூத்துக்குடியிலேயே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

வண்டி உடைந்து வந்தால்? நிலையத்தை விட்டு வெளியே போவதற்கு முன் பெட்டிகளுக்கான கவுன்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதே ஒப்பந்தம் பெட்டிகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பாகப் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று வைத்திருக்கிறது, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அது 2024 டிசம்பர் 28 முதல் உயர்ந்த தொகை. உச்சவரம்பு என்றால் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. சிராய்ப்பு, சக்கரம் தேய்ந்தது போன்றவற்றை ‘இயல்பான தேய்மானம்’ என்று தள்ளிவிடுவார்கள். நாற்பதாயிரம் ரூபாய் வண்டியைச் சாமான் அறையில் போட மனம் வராது என்றால் அதுவும் ஒன்பதாயிரத்துக்கு ஒரு வாதம்தான்.

கடைசியாக ஸ்டுட்கார்ட். நாத்தனாரின் கால்வாசி இங்கேதான் இருக்கிறது. நல்ல வண்டி வேண்டும் என்கிறார், வேண்டும்தான். ஆனால் அது இந்தச் சின்னச் சக்கர வண்டி அல்ல. ஸ்டுட்கார்ட் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஊர், தெருவுக்குத் தெரு மேடு, நடுநடுவே படிக்கட்டுப் பாதைகள். குளிர்காலத்தில் ஈரம், பனி, கல் பாவிய நடைபாதை. கைப்பை அளவுக்கு மடங்கும் வண்டியின் சக்கரம் அங்கே ஒவ்வொரு கல்லிலும் மாட்டும். பெரிய சக்கரமும் காற்றடைத்த டயரும் உள்ள வண்டியைப் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் குழந்தைச் சாமான்களைப் பழையதாக விற்பதும் வாங்குவதும் மிகச் சாதாரணம். கிளைன்அன்சைகன் தளத்தில் நல்ல நிலையில் இருப்பவை புதிய விலையில் பாதிக்கும் கீழே வரும். இப்போதே கணவரைத் தேடி வைக்கச் சொல்லுங்கள். பயண வண்டி அதற்குப் பிறகும் வீணாகாது, ரயிலுக்கும் கடைக்கும் அடுத்த ஊர்ப் பயணத்துக்கும் இருக்கட்டும்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஸ்டுட்கார்ட் எப்படிப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் வந்து அழைத்துப் போவார் என்று நினைக்கிறேன். ரயிலென்றால் விமான நிலையத்தின் முதல் முனையத்தை ஒட்டியே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது, ஐசிஇ வேக ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். ஐசிஇ ரயில்களில் சின்னக் குழந்தையோடு வருபவர்களுக்கென்றே ஒரு அறை உண்டு, டிக்கெட் எடுக்கும்போது கணவர் அதில் இடம் பதிவு செய்யட்டும். விமானம் தாமதமானாலும் பிடிக்கும்படி ரயில் நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கார் என்றால், இந்த வயதுப் பிள்ளைக்கு அங்கே சட்டப்படி கார் சீட் கட்டாயம், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. நண்பரின் காராக இருந்தாலும் சரி, சீட்டைப் பொருத்திக்கொண்டுதான் விமான நிலையத்துக்கு வர வேண்டும் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.